ஜாகுவார் இ-டைப்பும் கார்வெட் ஸ்டிங் ரேயும்: குதிரைத்திறனுக்கு அப்பால் பார்க்க வேண்டியவை

நாகர்கோவிலில் கார் பட்டறை நடத்தும் என்னிடம் பழைய வண்டி வாங்க யோசனை கேட்டு வரும் இளைஞர்கள், எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்), பிக்கப் எப்படி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பிரேக்கைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலரே. இந்த வரிசை ஏன் தவறு என்பதை, 1960-களில் உலகமே வியந்த இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்து விளக்க விரும்புகிறேன்.

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பில் 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். அறிவிக்கப்பட்ட திறன் 265 குதிரைத்திறன். அமெரிக்காவின் செவர்லே நிறுவனம் தயாரித்த 1963 மாடல் கார்வெட் ஸ்டிங் ரேயில் 5.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின். சாதாரண வகையில் 250, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பொருத்திய உயர்வகையில் 360. மணிக்கு 60 மைல், அதாவது 97 கி.மீ. வேகத்தை எட்ட ஜாகுவாருக்கு ஏறத்தாழ 7 வினாடி ஆகும். உயர்வகைக் கார்வெட்டுக்குச் சுமார் 6 வினாடி. 95 குதிரைத்திறன் கூடுதலாக இருந்தும் ஒரு வினாடிதான் வித்தியாசம். ஜாகுவாரின் எடை 1,200 கிலோவைச் சற்றே தாண்ட, கார்வெட் 1,400 கிலோவை நெருங்குவது இதற்கு முக்கியக் காரணம்.

அந்தக் குதிரைத்திறன் எண்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஏர் ஃபில்டர், சைலன்சர், விசிறி போன்றவை இல்லாமல் எஞ்சினை மட்டும் மேடையில் ஓட்டி அளந்த மொத்தத் திறன் அது. அமெரிக்க நிறுவனங்கள் 1972 மாடல்களில், அந்தப் பாகங்களையும் பொருத்தி அளக்கும் நிகரத் திறனுக்கு மாறியபோது, முந்தைய ஆண்டு 330 எனப்பட்ட கார்வெட் எல்டி-1 எஞ்சின் 255 ஆகக் குறைந்து நின்றது.

பிரேக்கில்தான் உண்மையான வேறுபாடு தெரிகிறது. ஜாகுவாருக்கு 1961-லேயே நான்கு சக்கரங்களிலும் டிஸ்க், அதாவது சுழலும் தட்டை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் பிரேக். கார்வெட்டுக்கு 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவரை டிரம், அதாவது சக்கரத்தோடு சுழலும் உருளையின் உட்புறத்தில் ஷூ என்ற வளைந்த கட்டைகள் அழுந்தும் பிரேக். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுவதால் பெடல் கீழே இறங்கும். ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங்கின் பிடிப்பும் குறையும். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மலைச்சாலையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி வந்த வண்டிகளில் கருகிய லைனிங்கின் வாடையை நானே பலமுறை முகர்ந்திருக்கிறேன். டிஸ்க்கோ திறந்தவெளியில் சுழல்வதால் விரைவில் ஆறும், மழைநீரையும் உதறிவிடும். ஆயினும் ஜாகுவாரின் பின்சக்கர டிஸ்க்குகள் டிஃபரன்ஷியலை (பின்சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியை) ஒட்டி உள்ளே இருப்பதால், அந்த வெப்பம் அதன் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல்களைக் கெடுக்கும். எண்ணெய் கசிந்து டிஸ்க்கில் படிந்தால் பிடிப்பு போய்விடும். வேலை பார்ப்பதற்கும் அது சிரமமான இடம்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: துரு. கார்வெட்டின் உடல், குளச்சல் கடற்கரையில் நிற்கும் ஃபைபர் வள்ளங்களைப் போலக் கண்ணாடியிழையால் ஆனது. உப்புக் காற்று அதை அரிக்காது, ஆனால் அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தை விடாது. ஜாகுவாரின் நடுப்பகுதியில் எஃகு உடலே சட்டமாகவும் இருப்பதால், கதவுக்குக் கீழுள்ள சில் பகுதி துருப்பிடித்தால் வண்டியின் வலுவே குறைகிறது. இன்றைய சாதாரணக் கார்களும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். ஆகவே கடலோர ஊர்களில் ஓடிய வண்டியை வாங்கும்போது, எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்ப்பதற்கு முன் ராம்ப்பில் ஏற்றி, சில் பகுதியையும் பிரேக் பைப்புகளையும் மெக்கானிக்கை வைத்துப் பரிசோதியுங்கள். வண்டியின் அடிப்பாகத்தில் பூசும் அண்டர்கோட்டிங் என்ற துருத்தடுப்புப் பூச்சு புதிதாக அடிக்கப்பட்டிருந்தால், அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சுரண்டிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள்.