டேங்க் மூடிக்குக் கீழே ஒரு மஞ்சள் கோடு

பெங்களூரு ஜே.சி. ரோட்டுப் பக்கம் கார்களுக்குப் பெயிண்ட் வேலை செய்யும் எங்கள் பட்டறைக்கு இந்த வாரமும் ஒரு வெள்ளைக் கார் வந்தது. டேங்க் மூடியின் கீழ் விளிம்பிலிருந்து பின்சக்கர வளைவு வரை விரல் அகலத்துக்குப் பெட்ரோல் வழிந்த மஞ்சள் கோடு ஓடியிருந்தது. நகத்தால் வருடினால் கோட்டின் ஓரம் தட்டுப்பட்டது. உரிமையாளர் பாலிஷ் போட்டால் போதும் என்று நினைத்து வந்திருந்தார். நகத்தில் தட்டுப்படும் கறைக்குப் பெரும்பாலும் பாலிஷ் உதவாது. அந்தப் பகுதியைத் தேய்த்து மறுபடியும் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும்.

“பெட்ரோல்தானே, தானாகக் காய்ந்துவிடும்” என்பதுதான் எல்லோரும் சொல்லும் சமாதானம். காய்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஆவியாகிப் போவது லேசான பகுதி மட்டுமே. கனமான பகுதியும் சேர்க்கைப் பொருள்களும் பெயிண்டின் மேலேயே தங்கி, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வண்டி வெயிலில் நிற்கும் நேரத்தில் கறையாகப் படிகின்றன. ஈரமாக இருக்கும் சில நிமிடங்களிலேயே பெட்ரோல் மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும் என்பதால், அடுத்த முறை அதே இடத்தில் சிந்துவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட்டை நேராகத் தொடுகிறது. அந்தக் கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரைதான் இருக்கும், அதாவது தலைமுடியைவிட மெல்லியது. கம்பெனி பெயிண்டில் என்றோ ஒரு நாள் நாலு சொட்டு விழுந்து உடனே கழுவப்பட்டால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு முறையும் வழியவிட்டு அப்படியே ஓட்டிச் செல்வதுதான் வினை.

டிங்கரிங் (நசுங்கியதைத் தட்டிச் சரிசெய்யும் வேலை) முடித்து மறுபடி பெயிண்ட் அடித்த வண்டிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. தொழிற்சாலையில் சுமார் 140 டிகிரி சூட்டில் இறுகும் பெயிண்டும், எங்கள் பெயிண்ட் அறையில் 60 டிகிரியில் இறுகுவதும் ஒன்றல்ல. சாலையோரத்தில் அடித்து வெயிலில் உலர்த்தியதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெட்ரோல் சிந்தினால் பங்க் ஊழியர் நீட்டும் வேஸ்ட் துணியால் துடைக்காதீர்கள். அதில் இருக்கும் மண் வட்டவட்டமாகக் கீறிவிடும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், குடிநீர் பாட்டில் போதும். பிறகு சுத்தமான மென்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கார் ஷாம்பு போட்டுக் கழுவி, அந்த இடத்தில் மட்டும் மெழுகு பூசுங்கள். டீசலுக்குத் தண்ணீர் மட்டும் போதாது. எண்ணெய்ப் பிசுக்காக நின்று தூசியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஷாம்பு கட்டாயம் வேண்டும். தார்ப் புள்ளியை எடுக்கப் பெட்ரோலில் துணி நனைத்துத் தேய்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தார் ரிமூவர் கடையிலேயே கிடைக்கிறது, தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் காரணம் பெரும்பாலும் டேங்க் நிறைந்து பம்ப் தானாக நின்ற (ஆட்டோ கட்) பிறகும் ரூபாயைச் சமன் செய்ய இன்னும் கொஞ்சம் போடச் சொல்லும் பழக்கம்தான். பம்ப் நின்றால் அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். பல கார்களில் டேங்க் மூடியின் குழிக்குள் வடிகால் துளை ஒன்று இருக்கும். அது சேற்றில் அடைபட்டிருந்தால் சிந்துவதெல்லாம் வெளியேதான் வழியும், சர்வீஸுக்கு விடும்போது அதைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பெட்ரோல் நனைந்த துணியை டிக்கியில் போட்டு மூடாதீர்கள். தீப்பொறி அண்டாத திறந்த வெளியில் உலர்த்துங்கள்.