ஒரே பயிற்சி, ஆளுக்கொரு பலன்

எந்த விளையாட்டில் இருப்பவர்கள்தான் உண்மையான பெரிய வீரர்கள் என்ற வாக்குவாதம் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும்: திறமை பிறவியிலேயே வந்ததா, பயிற்சியால் வந்ததா? இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்று இரு தரப்புமே நம்புகிறது. உடற்பயிற்சி அறிவியல் முதலில் கலைப்பது அந்த நம்பிக்கையைத்தான்.

நெடுந்தூர ஓட்டம், சைக்கிள் பந்தயம் போன்றவற்றில் ஒரு அளவு முக்கியம். உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்பது அது; விஓ2 மேக்ஸ் என்பார்கள். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம், அந்த ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், தசையில் ஆக்சிஜனை வாங்கி எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. பயிற்சி செய்தால் இது ஏறும். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறுமா?

1990களில் கனடா ஆய்வாளர் கிளாட் பூஷார் முன்னின்று நடத்திய ஹெரிடேஜ் குடும்ப ஆய்வு இதைத்தான் சோதித்தது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 98 குடும்பங்களிலிருந்து 481 பேர், பெற்றோரும் பிள்ளைகளுமாக, 20 வாரம், வாரத்துக்கு மூன்று நாள் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதித்தார்கள். மிதிப்பவரின் இதயத் துடிப்பைப் பார்த்து சைக்கிளின் கடினம் தானாகக் கூடியது, குறைந்தது. ஆகவே யாரும் ஏமாற்ற வழியில்லை. சராசரியாக நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் ஆக்சிஜன் கூடியது. ஆனால் சிலருக்கு அனேகமாக ஒன்றுமே ஏறவில்லை. சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஏறியது. நன்றாக ஏறியவர்களும் ஏறாதவர்களும் குடும்பம் குடும்பமாகத் திரண்டிருந்தார்கள். ஆளுக்கு ஆள் தெரிந்த இந்த வேறுபாட்டில் 47 சதவீதம் வரை குடும்ப வழியில் வருவது என்று கணக்கிட்டார்கள். பயிற்சிக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்லும் என்பதிலேயே பிறவியின் பங்கு இருக்கிறது!

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. தொடக்கத்தில் ஒருவரின் அளவு எவ்வளவு இருந்தது என்பதற்கும், அவருக்கு எவ்வளவு ஏறியது என்பதற்கும் பெரிய தொடர்பு இல்லை. முதல் நாள் ஓடவிட்டுப் பார்த்து, பின்தங்கிய பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடும் தேர்வு முறை எத்தனை பேரைத் தொலைக்கிறது என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

பிறவி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு பின்லாந்தின் ஈரோ மன்டிரன்டா நல்ல சாட்சி. பனிச்சறுக்கு நெடுந்தூரப் பந்தயங்களில் 1960 முதல் 1968 வரை ஏழு ஒலிம்பிக் பதக்கம் வென்றவர். அவர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் மிக அதிகம். ஊக்கமருந்து என்ற சந்தேகம் பல காலம் அவரைத் துரத்தியது. 1990களில்தான் காரணம் புரிந்தது. சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லும் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தது. "போதும், நிறுத்து" என்று சொல்லும் ஏற்பியின் நுனிப்பகுதி அவருக்கு இல்லை. அவருடைய உறவினர்கள் பலருக்கும் அதே மாற்றம் இருந்தது. அவர்கள் எல்லோரும் சாம்பியன் ஆகிவிடவில்லை.

சரி, இப்போது கிரிக்கெட்டுக்கு வருவோம். வேகப்பந்து வீச்சாளரின் கையிலிருந்து 140 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் பந்து ஏறக்குறைய அரை விநாடியில் மட்டைக்கு வந்துவிடும். நல்ல பேட்ஸ்மேனுக்குப் பிறவியிலேயே கண்ணும் கையும் வேகம் என்பது நம் ஊரில் ஊறிப்போன எண்ணம். ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் மெக்லியோட் 1987இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சோதித்தது. ஆடுகள விரிப்புக்கு அடியில் மெல்லிய மரக்குச்சிகளைப் போட்டு, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் ஊகிக்க முடியாதபடி செய்தார். சர்வதேச அளவில் ஆடும் பேட்ஸ்மேன்களுக்கும் திசை மாறிய பந்துக்கு மட்டையைத் திருத்த சுமார் 200 மில்லிவிநாடி ஆனது. தெருவில் போகும் நமக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

அப்புறம் எப்படி அடிக்கிறார்கள்? 2000இல் மைக்கேல் லேண்டும் மெக்லியோடும் பேட்ஸ்மேன்களின் தலையில் கேமரா பொருத்திப் பார்வை போகும் வழியைப் பதிவு செய்தார்கள். பந்து கிளம்பியதும் ஒரு கணம் அதைப் பார்க்கிறார்கள். உடனே பார்வை பந்தை விட்டுவிட்டு, அது தரையில் படப்போகும் இடத்துக்குத் தாவி அங்கே காத்திருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் பார்வை முன்னதாகவே தாவுகிறது. பந்து கையை விடுவதற்கு முன்பே வீச்சாளரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு ஆகியவற்றிலிருந்தும் அவர்கள் குறிப்பு எடுப்பதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தக் கணிப்பு ஆயிரமாயிரம் பந்துகளைச் சந்தித்துச் சந்தித்து வருவது. வலைப்பயிற்சியில் இயந்திரப் பந்தை மட்டுமே ஆடினால் வீச்சாளரின் உடம்பைப் படிக்கும் இந்த வித்தை வராது.

ஆகவே எந்த விளையாட்டு என்று சொல்லாமல் பிறவியா பயிற்சியா என்று கேட்பதில் பொருளில்லை. பெரிய வீரர் யார் என்று என்னைக் கேட்டால் டெகத்லான் வீரரைத்தான் சொல்வேன். இரண்டு நாளில் பத்துப் போட்டி, ஒன்றுக்கு உதவும் உடம்பு மற்றொன்றுக்கு இடைஞ்சல். பிரான்ஸின் கெவின் மேயர் 2018இல் 9126 புள்ளியுடன் உலக சாதனை படைத்தபோது 100 மீட்டரை 10.55 விநாடியில் ஓடி, குண்டை 16 மீட்டர் எறிந்து, 5.45 மீட்டர் கோல் ஊன்றித் தாண்டி, கடைசியில் 1500 மீட்டரை 4 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். குறுகிய ஓட்டத்துக்கு வேகமாகச் சுருங்கும் தசை இழை வேண்டும். 1500 மீட்டருக்குச் சோர்வு தாங்கும் தசை இழை வேண்டும். இரண்டையும் ஒரே உடம்பில் உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது.

டெல்லியில் வளர்ந்த தமிழர் தேஜஸ்வின் சங்கர் உயரம் தாண்டுதலில் 2.29 மீட்டர் தேசிய சாதனை படைத்துவிட்டு டெகத்லானுக்கு வந்தவர். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 7666 புள்ளியுடன் வெள்ளி வென்றார். உயரம் தாண்ட எடை குறைவாக இருப்பது நல்லது. குண்டு எறிய எடையும் பலமும் வேண்டும். அதற்காக ஏற்றிய ஒவ்வொரு கிலோவையும் பத்தாவது போட்டியில் மூன்றே முக்கால் சுற்று சுமந்துகொண்டு ஓட வேண்டும்.