மலை ஏறினா மெலியுமா, ரொட்டிய குறைச்சா மெலியுமா?

போன சீசன்ல அடிவாரத்துல இருக்கிற நல்லதண்ணிங்கிற ஊர்ப் பக்கமா சிவனொளிபாதமலை ஏறி இறங்கிட்டு மறுநாள் தராசுல நின்னா ஒன்றரை கிலோ குறைஞ்சிருந்துச்சு. ஒரே சந்தோசம், எல்லார்கிட்டயும் சொல்லி முடிக்கல, மூணாவது நாளே அந்த ஒன்றரை கிலோ வந்து உக்காந்துகிச்சு. போனது கொழுப்பே இல்ல, தண்ணி. தசையிலயும் ஈரல்லயும் உடம்பு சக்கரைய கிளைக்கோஜன்ங்கிற வடிவத்துல சேத்து வச்சிருக்கும், ஒரு கிராம் கிளைக்கோஜனோட சுமார் மூணு கிராம் தண்ணியும் ஒட்டிக்கிட்டு இருக்கும், ஏறும்போது அது செலவாகுது கூடவே தண்ணியும் போகுது, வேர்வையில போறது தனி, ரெண்டு மூணு வேளை நல்லா சோறு தின்னு தண்ணி குடிச்சா எல்லாம் திரும்ப வந்துரும்.

அப்போ கொழுப்பு எவ்வளவு தான் போச்சு? உச்சி 2243 மீட்டர், நல்லதண்ணியில இருந்து ஏறுற உயரம் கிட்டத்தட்ட 1000 மீட்டர். 70 கிலோ ஆளை அவ்வளவு உயரம் தூக்க 164 கலோரி போதும் (கிலோகலோரிய தான் நாம எல்லாம் கலோரின்னு சொல்றோம்). ஆனா நம்ம தசை ஒண்ணும் அவ்வளவு நல்ல எஞ்சின் இல்ல, எரிக்கிறதுல நாலுல ஒரு பங்கு, இல்ல அதுக்கும் கொஞ்சம் குறைவா தான் வேலையா மாறுது, மிச்சம் பூரா சூடா போயிரும், அதனால தான் அந்த குளிர்லயும் ஸ்வெட்டர கழட்டி இடுப்புல கட்டுறோம். ஆக ஏறுறதுக்கு 650, 800 கலோரி. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோவுல சுமார் 7700 கலோரி இருக்கு. ராத்திரி பூரா ஏறினதுக்கு 100 கிராம் அப்பிடி இப்பிடி!

இப்ப ரொட்டிக்கு வாங்க. கோதுமை மா 200 கிராம்ல நம்ம வீட்டு தடி ரொட்டி ரெண்டு வரும், மா மட்டுமே 700 கலோரிக்கு மேல, தேங்கா தனி. அதாவது காலையில ரெண்டு ரொட்டின்னா ஒரு மலை. பிளேன்டீ இன்னும் மோசம், ஏன்னா அத யாரும் சாப்பாட்டு கணக்குல சேக்கிறதே இல்ல. கப்புக்கு மூணு கரண்டி சீனி, நாளைக்கு ஆறு கப்னா 72 கிராம், கிட்டத்தட்ட 290 கலோரி. டவுன்ல ஒரு மணித்தியாலம் வேகமா நடந்தாலும் சும்மா இருக்கிறத விட 200, 250 கலோரி தான் கூட செலவாகும்.

இதுல உடம்பு செய்ற ஒரு கள்ள வேலையும் இருக்கு. ஹெர்மன் பொன்ட்சர்னு ஒரு ஆராய்ச்சியாளர், தான்சானியாவுல வேட்டையாடி வாழ்ற ஹட்சா மக்களுக்கு கனமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த தண்ணிய குடிக்க குடுத்து, அது எவ்வளவு வேகமா வெளிய போகுதுன்னு சிறுநீர்ல அளந்து ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி செலவாகுதுன்னு கண்டுபிடிச்சாரு. 2012ல வந்த முடிவு: உடம்பு சைஸ கணக்குல எடுத்தா, ஆபீஸ்ல உக்காந்திருக்கிற அமெரிக்காக்காரங்க அளவு தான் இவங்களுக்கும் செலவாகுது. நிறைய நடந்தா உடம்பு மத்த இடத்துல சிக்கனம் பிடிக்குதுங்கிறது அவரோட விளக்கம். எவ்வளவு பிடிக்குதுன்னு இன்னும் விஞ்ஞானிங்களுக்குள்ள சண்டை தான். இத சாக்கா வச்சு மலையில கொழுந்து பறிக்கிற அக்காமாருக்கு பெருசா ஒண்ணும் செலவாகலன்னு யாராவது சொன்னா, கூடைய முதுகுல மாட்டி ஒரு நாள் அனுப்பி விடணும்.

எங்க மச்சான் வேர்த்தா கொழுப்பு உருகும்னு ஜாக்கெட் போட்டு ஓடுறான். 10 கிலோ கொழுப்பு எரிஞ்சா 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா மூச்சுல போகும், மிச்ச 1.6 கிலோ தான் தண்ணியாகும். ஜாக்கெட்டால ஒரு பிரயோசனமும் இல்ல.

அதுக்காக நடக்க வேணாம்னு சொல்லல. சாப்பாட்ட மட்டும் குறைச்சா கொழுப்போட தசையும் சேந்து கரையும், உடம்புக்கு வேலை குடுத்தா தசை ஓரளவு தங்கும். சாப்பிட்டுட்டு பத்து நிமிசம் நடந்தா, வேலை செய்ற தசை இன்சுலின ரொம்ப எதிர்பாக்காமலே ரத்தத்துல இருக்கிற சக்கரைய இழுத்துக்கும். குறைச்ச எடை திரும்ப ஏறாம இருக்கவும் நடை உதவும். குறைக்கிறது மட்டும் பெரும்பாலும் கோப்பையில தான் நடக்கணும்.

நான் இப்ப பிளேன்டீக்கு ஒரு கரண்டி தான். முதல் நாள் அம்மா கப்ப நீட்டிக்கிட்டே கேட்டாங்க, "ஏன்டா, சீனி வருத்தம் ஏதும் வந்துருச்சா, எங்ககிட்ட மறைக்கிறியா?"