பேரரசரை முடக்கிய யூரிக் அமிலம்

புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் (1500–1558) உடல் ஸ்பெயினின் எஸ்கோரியல் மடத்துக் கல்லறையில் இருக்கிறது. அவருடைய ஒரு விரலின் நுனி மட்டும் தனியே ஒரு சிறு பெட்டியில் பாதுகாக்கப்பட்டு வந்தது. பார்சிலோனா ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். விரல்மூட்டு அரித்துச் சிதைந்திருந்தது. அருகிலிருந்த திசுவில் ஊசி வடிவப் படிகங்கள் குவிந்திருந்தன. கவுட் எனும் கீல்வாதம் பேரரசரை எவ்வளவு வாட்டியது என்று அவர் காலத்தவர் எழுதி வைத்ததற்குச் சான்று அந்த விரலிலேயே கிடைத்தது.

படிகத்தை அடையாளம் காண முனைவுற்ற ஒளி நுண்ணோக்கி வேண்டும். அதில் ஒரு ஈடுசெய் தகட்டைப் பொருத்திப் பார்த்தால், தகட்டின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் யூரேட் (யூரிக் அமிலத்தின் உப்பு) ஊசி மஞ்சளாகவும் குறுக்கே கிடப்பது நீலமாகவும் தெரியும். நிறம் தலைகீழாக இருந்தால் அது வேறு நோயின் கால்சியம் படிகம். யூரேட் நீரில் கரையும். அதனால் வழக்கமான ஃபார்மலின் முறையில் பதப்படுத்திய திசுவில் படிகம் கரைந்து, வெறும் குழி மட்டுமே மிஞ்சும். சார்லஸின் உடல் உலர்ந்து போயிருந்தது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு.

செல்கள் சிதையும்போதும் இறைச்சி, மீன் போன்றவை செரிக்கும்போதும் பியூரின் என்ற பொருள் வெளிப்படுகிறது. சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதை யூரிக் அமிலமாக மாற்றுகிறது. பெரும்பாலான பாலூட்டிகளில் யூரிகேஸ் என்ற இன்னொரு நொதி அதை மேலும் உடைத்து எளிதில் கரையும் பொருளாக்கிவிடும். மனிதரின் மூதாதைகள் பல லட்சம் தலைமுறைகளுக்கு முன்பே அந்த நொதியை இழந்துவிட்டார்கள். நம் உடலில் சேரும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் வெளியேற்றியாக வேண்டும்.

37 டிகிரி செல்சியஸில் 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 6.8 மி.கி. யூரேட் கரைந்திருக்கும். 35 டிகிரியில் சுமார் 6 மி.கி.தான் கரையும். சீனிப்பாகு ஆறினால் படிகம் கட்டுவது போல, குளிர்ந்த இடத்தில் யூரேட் படியும். கால் பெருவிரல் மூட்டு உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்தது, நடையின் அழுத்தத்தையும் தாங்குவது. நோய் அங்கேயே அதிகம் தொடங்குவதற்கு இவை காரணங்கள்.

படிகம் இருப்பதால் மட்டும் வலி வருவதில்லை. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் கிடக்கவும் கூடும். ஒருநாள் மூட்டிலுள்ள விழுங்கணுக்கள் அதை விழுங்க, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற சைகைப் புரதம் வெளியாகிறது. உடனே வெள்ளணுக்கள் அங்கே திரளுகின்றன. மூட்டு சிவந்து வீங்கிக் கொதிக்கும், போர்வை பட்டாலே தாங்காது. பெரும்பாலும் இரவில் தொடங்கி ஒரு நாளுக்குள் உச்சம் தொட்டு, ஒன்றிரண்டு வாரங்களில் தானாகவே அடங்கும். அடங்கிவிட்டதே என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து: படிகங்கள் உள்ளே சேர்ந்து சேர்ந்து டோஃபஸ் என்ற வெண்கட்டியாகிக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கின்றன. சார்லஸின் விரல் அந்தக் கடைசிக் கட்டத்தைக் காட்டுகிறது.

அவருக்கு முதல் தாக்குதல் சுமார் 28 வயதில் வந்தது. இறைச்சியும் பீரும் அவருக்கு உயிர். பதவி துறந்து ஸ்பெயினின் யூஸ்டே மடத்துக்குப் போனபோதும் பீர் காய்ச்சுபவரை உடன் அழைத்துக்கொண்டார். பீர் இரண்டு வழிகளில் கெடுக்கும்: அதிலேயே பியூரின் உண்டு, ஆல்கஹால் உண்டாக்கும் லாக்டேட்டோ சிறுநீரகம் யூரேட்டை வெளியேற்றுவதைத் தடுக்கும். ஆனாலும் பழியை நாக்கின் மேல் மட்டும் போடுவது நியாயமல்ல. கவுட் நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சிக்கல் அதிக உற்பத்தி அல்ல, குறைவான வெளியேற்றம். அதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. மகன் இரண்டாம் பிலிப்பும் இதே நோயில் துன்பப்பட்டார்.

நோய் ஆட்சியிலும் குறுக்கிட்டது. 1552 மே மாதம் அவரை எதிர்த்துக் கிளம்பிய ஜெர்மன் சிற்றரசர், சாக்சனியின் மோரிட்ஸ், படையோடு நெருங்கியபோது, சார்லஸ் இன்ஸ்ப்ரக்கிலிருந்து பல்லக்கில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வில்லாக்குக்குத் தப்பினார். அதே ஆண்டு இறுதியில் மெட்ஸ் நகரை முற்றுகையிட்ட தம் படையோடு அவர் சேர்வதற்கே நோயால் தாமதமானது. குளிரிலும் கொள்ளை நோயிலும் படை சிதைய, 1553 ஜனவரித் தொடக்கத்தில் முற்றுகை கைவிடப்பட்டது. தோல்விக்குக் கவுட் மட்டுமே காரணம் என்பது மிகை. 1555 அக்டோபர் 25 அன்று பிரசெல்ஸில் நெதர்லாந்து ஆட்சியை மகனிடம் ஒப்படைத்தபோது, ஆரஞ்சின் வில்லியம் என்ற இளம் பிரபுவின் தோளில் சாய்ந்தபடிதான் அவர் நிற்க முடிந்தது. உயிரைக் கொண்டுபோனது கவுட் அல்ல, மலேரியா. அதே விரலின் திசுவில் மலேரியா ஒட்டுண்ணியும் பின்னர் காணப்பட்டது.

இன்று இந்த நோயைக் கட்டுப்படுத்த முடியும். தாக்குதலின்போது கோல்சிசின் வெள்ளணுக்களின் நகர்வைத் தடுக்கிறது. நம் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதே மருந்துதான். பயனுள்ள அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகலானது, எனவே கிழங்கை வீட்டு வைத்தியமாகத் தின்பது உயிருக்கே உலை வைக்கும். நீண்டகாலத்துக்கு அலோபியூரினால் என்ற மருந்து: சாந்தைன் ஆக்சிடேஸைத் தடுத்து, ரத்தத்தில் யூரிக் அமிலத்தை 100 மி.லி.க்கு 6 மி.கி.க்குக் கீழே வைப்பதே இலக்கு. பொதுவாக நாளைக்கு 100 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, மருத்துவர் படிப்படியாகக் கூட்டுவார். தொடக்க மாதங்களில் பழைய படிகங்கள் கரையும்போது தாக்குதல் கூடலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் அப்போது நிறுத்திவிடுகிறார்கள். தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி மட்டும் கூடினால் நிறுத்தக் கூடாது. இன்னொன்று: தாக்குதலின் நடுவே எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் இயல்பான அளவில் தெரியலாம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்த்தால்தான் உண்மை அளவு தெரியும்.