பூங்கா இடத்தில் தோட்டம் போடும் முன் பட்டாவைப் பாருங்கள்

இரண்டு கோடை முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த வேம்பும் புங்கனும் ஒரே காலையில் ஜேசிபியில் போனதை நான் பார்த்திருக்கிறேன். வந்தவர் கையில் கிரயப் பத்திரம் இருந்தது. குடியிருப்பவர்கள் கையில் இருந்ததோ, மனை வாங்கியபோது கொடுத்த வண்ண விளம்பரத்தாள். அதில் அந்த இடத்துக்குப் பச்சை அடித்து ‘பூங்கா’ என்று போட்டிருந்தது.

விதி சின்னதுதான். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் பதிந்து தர வேண்டும். அலுவலகங்களில் இதை ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழி உண்டு. அப்படிக் கட்டியிருந்தால், நீங்கள் பூங்கா என்று நம்பும் இடம் வெறும் விற்காத மனையாக இருக்கலாம்.

தானப் பத்திரம் பதிந்தாலும் பட்டா தானாக மாறிவிட்டதென்று நம்பாதீர்கள். பழைய உரிமையாளர் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அந்தப் பெயரைக் காட்டித்தான் விற்கிறார்கள். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இணையத்திலேயே பார்க்கலாம். வில்லங்கத்தில் உட்பிரிவு எண்ணுக்கு எதுவும் வராவிட்டால், உட்பிரிவுக்கு முந்தைய சர்வே எண்ணைப் போட்டுத் தேடுங்கள். தானப் பத்திரம் கிடைத்தால் சொத்து விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். சாலைகள் மட்டும் எழுதப்பட்டுப் பூங்கா விடுபட்டிருக்கலாம்.

இனி அலைச்சல். உள்ளாட்சியில் கேட்டால் நகர் ஊரமைப்பு அலுவலகம் என்பார்கள். அங்கே ‘ஒப்படைத்தாயிற்றே’ என்பார்கள். தாலுகாவில் விண்ணப்பமே வரவில்லை என்பார்கள். மூன்று முறை செருப்புத் தேய்வதைவிட, 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். ‘ஏன் பட்டா மாற்றவில்லை’ என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் வராது. அனுமதி பெற்ற வரைபடத்தின் நகல், தானப் பத்திர எண், பட்டா மாற்றக் கோரிய கடிதத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், 5 நாளில் மனுவை அங்கே அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை, உங்களுடையது அல்ல. 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு.

இடம் உள்ளாட்சியுடையது என்று உறுதியானாலும் குடியிருப்போர் சங்கத்துக்கு உரிமை வந்துவிடாது. கவுன்சிலர் ‘தாராளமாகச் செய்யுங்கள்’ என்று சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆணையரோ செயல் அலுவலரோ எழுத்தில் தர வேண்டும். தண்ணீரும் மின்கட்டணமும் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும். வாசலுக்குப் பூட்டுப் போடாதீர்கள். ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டால் யாரும் தொடமாட்டார்கள் என்று யோசனை சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். வைத்தால் நீங்களும் ஆக்கிரமிப்பாளர்தான். பிறகு உங்கள் புகாரை யார் மதிப்பார்கள்?

புல்தரை வேண்டும் என்பவர்களிடம் தினம் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று கேளுங்கள். அனுமதிக் கடிதம் ஆகஸ்டுக்குள் கைக்கு வந்தால் அக்டோபர் மழையோடு கன்று நடலாம். கோடையில் வந்தால் கன்று வாங்காதீர்கள். குழி மட்டும் வெட்டி, சருகு நிரப்பி வையுங்கள்.