படத்தில் இல்லாதவர்கள்

எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஒரு புகைப்படத்தைத் திரையில் போட்டுவிட்டுப் பேசாமல் நிற்பேன். 1869 மே 10, யூட்டாவின் புரோமண்டரி சம்மிட். கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த ரயில் பாதைகள் ஒன்றுசேர்ந்த நாள். எதிரெதிரே இரண்டு எஞ்சின்கள், நடுவில் கைகுலுக்கும் கனவான்கள், சுற்றிலும் கூட்டம். சீன முகம் தேடினால் தெளிவாக ஒன்றுகூட அகப்படாது.

மேற்கிலிருந்து பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் சீனர்கள். சியரா நெவாடா மலைத்தொடரின் கருங்கல்லைக் குடைந்தவர்கள், பனிச்சரிவில் புதைந்தவர்கள். வெள்ளைக்காரத் தொழிலாளிக்குக் கூலியோடு சாப்பாடும் உண்டு. இவர்கள் வாங்கிய குறைந்த கூலியிலேயே வயிற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1867 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் கூலி உயர்வும் வேலைநேரக் குறைப்பும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி அவர்களுக்குப் போகும் உணவுப் பொருள்களை நிறுத்தியது. ஒரு வாரத்தில் போராட்டம் ஓய்ந்தது.

ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் இதையெல்லாம் நான் ஒரே வரியில் தாண்டிப் போனேன். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து, "அவங்க பேர் என்ன?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: சம்பளப் பட்டியலில் பெரும்பாலும் குழுத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கிறது. அன்றிலிருந்து அந்தக் கேள்வியைத்தான் பாடமாக நடத்துகிறேன்.

பிப்ரவரியில் கறுப்பின வரலாறு, மே மாதத்தில் ஆசிய வரலாறு என்று சுவரொட்டி ஒட்டுவதோடு பல பள்ளிகள் நிறுத்திக்கொள்கின்றன. அது போதாது. ரயில் பாதையில் சீனர்களை விட்டுவிட்டால், 1882இல் சீனத் தொழிலாளர்கள் நுழையவே கூடாதென்று ஏன் சட்டம் வந்தது என்பது பிள்ளைக்கு எப்படிப் புரியும்? இந்தியர் 'வெள்ளையர்' அல்லர், அதனால் குடியுரிமை பெற முடியாது என்று 1923இல் பகத் சிங் திண்ட் என்ற இந்தியக் குடியேறியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்தச் சங்கிலியின் கண்ணிதான்.

"இதெல்லாம் பரீட்சைக்கு வருமா சார்?" என்று நம் தமிழ்ப் பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நம்மவர்கள் பெருமளவில் இங்கே அமெரிக்காவுக்கு வர வழிவிட்டது 1965இன் குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் அடிபட்டும் சிறைப்பட்டும் நடத்திய உரிமைப் போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டத்தை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. இன்று மாலை பிள்ளையின் பாடநூலை வாங்கி, ரயில் பாதை வரும் பக்கத்தைப் பாருங்கள். சீனர்களுக்கு எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள்.