பிழையே இல்லாத பேட்ச், பூட் ஆகாத லேப்டாப்

“லினக்ஸ் அப்டேட் போட்டதும் லேப்டாப் லாகின் திரைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் ஒழுங்காக வருகிறது. இரண்டு கோடி வரிகளுக்கு மேல் உள்ள கெர்னலில் எந்த வரியில் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கெர்னல் என்பது வன்பொருளையும் மற்ற புரோகிராம்களையும் மேய்க்கும் லினக்ஸின் மையப் பகுதி. இந்தக் கேள்விக்கு 2019 செப்டம்பரில் நடந்த ஒரு சம்பவத்தைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. அதில் கண்டுபிடிக்கப்பட்ட வரிகளில் கோளாறே இல்லை.

அப்போது லினக்ஸ் 5.3 வெளியாகும் தறுவாயில் இருந்தது. 5.2 நன்றாக பூட் ஆன ஒரு லேப்டாப்பில் 5.3-இன் சோதனைப் பதிப்பு லாகின் திரை வருமுன் உறைந்து நின்றது. இரண்டுக்கும் நடுவே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள். ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க யாராலும் முடியாது, படிக்கவும் வேண்டாம். வரிசையில் நடுவில் உள்ள மாற்றம்வரை எடுத்துக் கம்பைல் செய்து, அதாவது ஓடக்கூடிய கெர்னலாக மாற்றி, பூட் செய்வார்கள். பூட் ஆனால் வில்லங்கம் பின்பாதியில், ஆகாவிட்டால் முன்பாதியில். மிஞ்சிய பாதியில் மறுபடி நடு. 14 முறை பாதியாக்கினால் 16,384 மாற்றங்களில் ஒன்றைப் பிடித்துவிடலாம். கெர்னலின் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் இதற்கென்றே பைசெக்ட் என்ற கட்டளை இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், தேடுபவர் எதையும் ஊகிக்கத் தேவையில்லை என்பதுதான். ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. கருவியை மதிப்பது நல்ல பழக்கம். ஆனால் சர்வர் படுத்துவிட்டால் “நேரம் சரியில்லை” என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோகும் படித்தவர்களைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது. ஆம், இல்லை என்ற பதினான்கு பதில்களில் காரணம் கையில் கிடைக்கும் உலகத்தில் நாம் இருக்கிறோம். இதைப் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும்.

பாதியாக்கிப் பாதியாக்கி வந்து நின்ற இடம் டிஸ்கில் கோப்புகளை ஒழுங்காக அடுக்கிவைக்கும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் செய்த ஒரு சின்னச் சீரமைப்பு (பேட்ச்). ஒவ்வொரு கோப்பின் விவரமும் ஐநோட் எனும் பதிவில் இருக்கும். ஒரு ஐநோட்டைப் படிக்கும்போதே, அடுத்து தேவைப்படும் என்று பக்கத்தில் உள்ளவற்றையும் கெர்னல் சேர்த்துக் கேட்கும். அந்தக் கோரிக்கைகள் முன்பு தனித்தனியாக டிஸ்குக்குப் போயின. புதிய பேட்ச் அவற்றைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, அடுத்தடுத்து இருப்பவற்றை ஒன்றாக்கி அனுப்பியது. நாலு சாமானுக்கு நாலு தடவை கடைக்கு ஓடாமல் ஒரே சீட்டில் எழுதிக்கொண்டு போவது போல. எப்படிப் புரட்டிப் படித்தாலும் அதில் தவறு கிடையாது. ஆனாலும் அதை எடுத்தால் லேப்டாப் பூட் ஆகிறது, சேர்த்தால் நிற்கிறது.

கோப்பு படிப்பது வேகமானால் பூட் ஏன் நிற்க வேண்டும்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

டிஸ்க் தன் வேலையை முடித்ததும் இன்டரப்ட் என்ற சமிக்ஞையால் பிராசஸரைக் கூப்பிடும். அது எந்த நொடியில் வரும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ஆனால் பிராசஸரின் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கொண்டு உள்ளே ஓடும் சுழற்சி எண்ணியின் கடைசி இலக்கங்கள் அந்த நேரத்தில் என்னவாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கெர்னல் இந்தக் கடைசி இலக்கங்களைச் சேகரித்துக் கலக்கி வைக்கிறது. ரகசியச் சாவிகளுக்கான ரேண்டம் எண்கள், அதாவது யாராலும் கணிக்க முடியாத எண்கள், பிறப்பது இந்தக் கலவையிலிருந்துதான். சேர்ந்த கணிக்க முடியாமையை (என்ட்ரோபி) பிட் கணக்கில் அளப்பதில் கெர்னல் மகா கறார்: அன்றைய கெர்னலில் 64 இன்டரப்ட் வந்தால், அல்லது ஒரு விநாடி கடந்தால், ஒரே ஒரு பிட் வரவு. அப்படி 128 பிட் சேரும்வரை, கெட்ரேண்டம் என்ற அழைப்பின் மூலம் ரேண்டம் எண் கேட்கும் எந்தப் புரோகிராமையும் தூங்கவைத்துவிடும்.

அந்த லேப்டாப்பில் லாகின் திரையைக் கொண்டுவரும் புரோகிராம் தன் செஷனுக்காகச் சில பைட் ரேண்டம் கேட்டது. 5.2-இல் அந்த நேரத்துக்குள் டிஸ்கின் ஓயாத இன்டரப்ட்களால் கணக்கு நிரம்பியிருந்தது. 5.3-இல் டிஸ்க் வேலையைச் சிக்கனமாக முடித்துவிட்டதால் கணக்கில் துண்டு விழுந்தது. புரோகிராம் காத்திருக்கிறது. அது காத்திருப்பதால் மெஷினில் வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. வேலை நடக்காததால் இன்டரப்ட் வருவதில்லை. இன்டரப்ட் வராததால் பிட் சேர்வதில்லை. பிட் சேராததால் புரோகிராம் இன்னும் காத்திருக்கிறது.

இந்த நிலையில் கீபோர்டைத் தட்டினால் பயன் உண்டு. ஒவ்வொரு தட்டலும் ஒரு இன்டரப்ட். நம் விரல் விழும் நேரமும் கலவையில் சேர்கிறது. மெஷின் நின்றால் எதையாவது தட்டிப் பார்ப்பது வீண் பழக்கம் என்று நினைத்தவர்களுக்கு, அது சரியான மருந்தாகும் ஓர் இடம் இது.

‘அப்படியானால் காத்திருக்காமல், கையில் இருப்பதைக் கொடுத்துவிட வேண்டியதுதானே’ என்று தோன்றும். கூடாது. 2012-இல் மிச்சிகன், கலிஃபோர்னியா சான் டியாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இணையம் முழுவதையும் ஸ்கேன் செய்து, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி உருவாக்கும் ஆர்எஸ்ஏ சாவிகளைச் சேகரித்தார்கள். ரவுட்டர், ஃபயர்வால் போன்ற சின்னக் கருவிகள் பல, பூட் ஆன கையோடு போதிய ரேண்டம் இல்லாமலே சாவி தயாரித்திருந்தன. வெவ்வேறு கருவிகளின் சாவிகளில் ஒரே பகா எண் இருந்தது. இரண்டு சாவிகளுக்கு மீப்பெரு பொதுக் காரணி கண்டாலே ரகசியம் வெளியே வந்துவிடும்; நாம் பள்ளியில் போட்ட அதே மீ.பொ.கா. கணக்குதான். டிஎல்எஸ் (இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும் முறை) சர்வர்களில் சுமார் 0.5 சதவீதத்தின் ரகசியச் சாவி இப்படி அவர்கள் கைக்கு வந்தது. பிராசஸரிலேயே ரேண்டம் தரும் கட்டளை இருக்கிறதே என்றால், அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. 2019-இலேயே ஏஎம்டியின் ரைசன் 3000 சில்லுகளில் அந்தக் கட்டளை எல்லா பிட்டும் 1 ஆன ஒரே விடையைத் திரும்பத் திரும்பத் தந்தது. பயாஸ் (மெஷினைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வந்துதான் சரியானது.

செப்டம்பர் 15 அன்று 5.3 வெளியானபோது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த இஎக்ஸ்டி4 பேட்சைத் திரும்ப எடுத்துவிட்டார். பேட்ச் சரியானது என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நேற்றுவரை பூட் ஆன மெஷின் இன்று பூட் ஆகவில்லை என்றால் கெர்னல்தான் இறங்கிவர வேண்டும் என்பது அவர் பல ஆண்டுகளாகப் பிடிவாதமாகக் காத்துவரும் விதி. இந்தப் பிடிவாதத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பயன்படுத்துபவருக்கு ஐநோட்டும் தெரிய வேண்டியதில்லை, என்ட்ரோபியும் தெரிய வேண்டியதில்லை.

நிலையான தீர்வு அடுத்த பதிப்பில் வந்தது. ரேண்டம் போதாதபோது சும்மா காத்திருக்காமல், கெர்னலே ஒரு டைமரை ஓடவிட்டுச் சுழற்சி எண்ணியை விடாமல் படிக்கத் தொடங்குகிறது. கேஷ் (அடிக்கடி தேவைப்படுவதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் நினைவகம்), முன்னூகம் (அடுத்த வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்வது) என்று இன்றைய பிராசஸருக்குள் நடக்கும் சிக்கலான வேலைகளால் இரண்டு வாசிப்புகளுக்கு இடையிலான நேரம் ஒரே சீராக இருப்பதில்லை. அந்தப் பதிப்பில் டைமர் அடித்த ஒவ்வொரு முறையும் ஒரு பிட் வரவு. ஓரிரு விநாடியில் 128 சேர்ந்துவிட்டது. இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு தூரம் கணிக்க முடியாதது என்று நிபுணர்கள் வாதிட்டார்கள். எளிமையான சின்னச் சில்லுகளில் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். இந்த ஏற்பாடு வந்த பிறகு, நீக்கிய இஎக்ஸ்டி4 பேட்ச் ஒரு வரிகூட மாறாமல் 5.4-இல் மீண்டும் சேர்ந்தது.

உங்கள் லினக்ஸில் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் (dmesg) கட்டளையைக் கொடுத்து, ‘சிஆர்என்ஜி இனிட் டன்’ (crng init done) என்று முடியும் வரியைத் தேடுங்கள். அதன் இடப்பக்கம் சதுர அடைப்புக்குள் இருக்கும் எண், பூட் தொடங்கி எத்தனையாவது விநாடியில் இந்தக் கணக்கு நிரம்பியது என்பதைக் காட்டும்.